முதல் போன் யாருக்கு?

2024 ஏப்ரல் 16 அன்று சாக்ரமெண்டோவில் கிளே தாம்சன் பத்து தடவை கூடையை நோக்கிப் பந்தை எறிந்தார். ஒன்றுகூட உள்ளே விழவில்லை. 32 நிமிடம் ஆடியும் ஒரு புள்ளி இல்லை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 118-94 என்று தோற்றது, சீசனும் அத்தோடு முடிந்தது. இதே சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு எதிராக 2015 ஜனவரியில் ஒரே கால் பகுதியில், பன்னிரண்டு நிமிடத்துக்குள், 37 புள்ளிகள் குவித்தவர் அவர். அன்று எறிந்தது பதிமூன்று, விழுந்ததும் பதிமூன்று. ஒரு கால் பகுதியில் அதற்கு மேல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் யாரும் எடுத்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் வாரியர்ஸின் நட்சத்திரம் ஸ்டெஃப் கரியும் பயிற்சியாளர் ஸ்டீவ் கெரும் கிளே எங்களுக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மனசாரத்தான் சொன்னார்கள். ஆனால் ஒப்பந்தம் போடுகிற கை அவர்களுடையது இல்லை. இரண்டரை மாதத்தில் கிளே டல்லஸ் மேவரிக்ஸ் அணிக்குப் போய்விட்டார். வாரியர்ஸில் பதிமூன்று வருடம், நான்கு சாம்பியன் பட்டம், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வந்த பெரிய தொகைதான் இழுத்துக்கொண்டு போனது என்று இந்த மாதிரி பிரிவுகளுக்கு எல்லோரும் காரணம் சொல்வார்கள். வருடாவருடம் இவற்றைப் பின்தொடர்ந்து வருகிறவன் என்ற முறையில் எனக்கு அது ஒப்பவில்லை. கணக்கைப் பிரித்துப் பார்த்தால் பல சமயம் வித்தியாசம் சொற்பம். சில சமயம் போன இடத்தில் சம்பளம் குறைவாகக்கூட இருந்திருக்கிறது. அணியின் வீட்டு வாசலில் ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையில் தன்னை எத்தனாவது ஆளாக நிறுத்தினார்கள் என்பதை ஒரு மூத்த ஆட்டக்காரர் மறப்பதே இல்லை.

விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாக இருக்கும். ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு ஆட்டக்காரர் போய்விடுகிறார், அவருடைய விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. என்பிஏவில் ஒப்பந்தக் காலம் முடிந்தவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார். எந்த அணியோடும் பேசலாம், குறைந்த தொகை சொன்னவரிடமும் போகலாம், முடிவு அவர் கையில். நியூயார்க் நேரப்படி ஜூன் 30 மாலை ஆறு மணிக்கு அந்தச் சந்தை திறக்கும். நமக்கு அது ஜூலை 1 விடிகாலை மூன்றரை. நானும் தம்பியும் ஆளுக்கொரு ஊரில் போனும் கையுமாக உட்கார்ந்திருப்போம்.

இந்தச் சந்தையில் சொந்த அணிக்கு விதியே ஒரு கை கொடுக்கிறது. எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2024-25 சீசனுக்கு அது சுமார் 14 கோடியே 6 லட்சம் டாலர். வெளி ஆளை எடுக்க அந்த வரம்புக்குள் இடம் வேண்டும், இல்லையென்றால் விதி அனுமதிக்கிற சின்னச் சின்ன விதிவிலக்குகளில் ஒன்று வேண்டும். ஆனால் மூன்று சீசன் தன்னிடம் இருந்தவரை வரம்பைத் தாண்டியும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பழைய பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் இதை பேர்ட் உரிமை என்பார்கள். சொந்த அணி ஐந்து வருடம் கொடுக்கலாம், வெளி அணி நான்குதான். வருடாந்தர உயர்வும் சொந்த அணியில் எட்டு சதவீதம் வரை, வெளியில் ஐந்து. 2024 முதல் இன்னொரு சலுகையும் சேர்ந்திருக்கிறது: இறுதிப் போட்டி முடிந்த மறுநாளே சொந்த ஆளோடு பேச ஆரம்பித்துவிடலாம். மற்றவர்கள் ஜூன் 30 வரை காத்திருக்க வேண்டும்.

உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023இல் டென்வர் நகெட்ஸ் ஒரு பாடம். பட்டம் வென்ற அணியில் ப்ரூஸ் பிரவுன் முக்கியமான ஆள். அவர் அங்கே இருந்தது ஒரே ஒரு சீசன் என்பதால் விதிப்படி சுமார் 78 லட்சத்துக்கு மேல் டென்வரால் கொடுக்க முடியாது. இந்தியானா இரண்டு வருடத்துக்கு 4.5 கோடி கொடுத்தது. அங்கே யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆனால் பத்து வருடம், பதிமூன்று வருடம் ஆடியவர்கள் விஷயத்தில் அந்தச் சாக்கு செல்லாது. அவர்களுக்கு எல்லா உரிமையும் அணியின் கையில்தான் இருக்கிறது.

டுவெய்ன் வேடை எடுத்துக்கொள்வோம். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

2003இல் மயாமி ஹீட் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2006இல் முதல் பட்டம், இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. 2010இல் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆனபோது அந்த ஊரே கெஞ்சியது. மயாமி-டேட் என்ற மாவட்டத்தின் பெயரை ஜூலை முதல் வாரம் முழுக்க மயாமி-வேட் என்று சடங்கு பூர்வமாக மாற்றினார்கள். ஒரு மனிதரை இருக்கச் சொல்லி ஒரு மாவட்டம் பெயர் மாற்றிக்கொள்வதை வேறு எங்கேயும் நான் கேள்விப்பட்டதில்லை. அவர் இருந்தார். லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் வந்து சேர இடம் வேண்டும் என்பதற்காக, கிடைக்கக்கூடிய உச்சத் தொகையைவிடக் குறைத்தே வாங்கிக்கொண்டார். 2014இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒப்பந்தத்தில் மீதம் இரண்டு வருடம், ஏறத்தாழ 4.2 கோடி டாலர் இருந்தது. லெப்ரானைத் தக்கவைக்க அணிக்கு வசதியாக இருக்கட்டும் என்று அதை விட்டு வெளியே வந்தார். லெப்ரான் கிளீவ்லாண்டுக்குப் போய்விட்டார். வேட் விட்டது விட்டதுதான்.

2016இல் முறை அவருடையது. அந்தக் கோடையில் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் சம்பள உச்சவரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்கு ஒரேயடியாக எகிறியது. லீக் முழுக்கப் பணம் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. மயாமி முதலில் ஹசன் வைட்சைடுக்கு நான்கு வருடம் 9.8 கோடி கொடுத்து உறுதி செய்தது. அடுத்து கெவின் டுரான்ட் வருவாரா என்று கேட்க அணியின் நிர்வாகத் தலைவர் பேட் ரைலியும் ஆட்களும் நியூயார்க் பக்கம் ஹாம்ப்டன்ஸுக்குப் போனார்கள். வேட் காத்திருந்தார். டுரான்ட் வாரியர்ஸுக்குப் போனார். கடைசியில் வேடுக்கு மயாமி சொன்னது இரண்டு வருடம், சுமார் 4 கோடி. அவர் பிறந்து வளர்ந்த ஊரான சிகாகோவின் புல்ஸ் அணி சொன்னது இரண்டு வருடம், 4.7 கோடி. அவர் சிகாகோ போனார்.

இரண்டுக்கும் நடுவே 70 லட்சம். அதிலும் ஃப்ளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது, இல்லினாயில் உண்டு. வரி போனால் வித்தியாசம் இன்னும் இளைக்கும். அதற்குள் அவர் சம்பாதித்து முடித்திருந்த தொகைக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை. பதிமூன்று வருடம் ஆடியவர், மூன்று பட்டம் கொண்டு வந்தவர், இரண்டு தடவை தன் பங்கை விட்டுக்கொடுத்தவர். அந்தப் பட்டியலில் மூன்றாவது ஆளாக நின்றார். நான் இதைச் சொன்னால் தம்பி ஒப்புக்கொள்ள மாட்டான். “அண்ணா, அவருக்கு முப்பத்து நாலு வயசு, முட்டி போயாச்சு, நிர்வாகம் என்ன தர்மமா பண்ணும்?” என்பான். தர்மம் யாரும் கேட்கவில்லை. அந்த ஜூலை முதல் தேதி, வைட்சைடுக்கு முன்னால், டுரான்டுக்கு முன்னால், ரைலி வேடின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து இதே 4 கோடியை நீட்டியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

2018 பிப்ரவரியில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வை (வருடாந்தரத் தேர்வில் புது ஆட்டக்காரர் ஒருவரை எடுக்கும் உரிமை) மட்டும் கொடுத்து மயாமி அவரைத் திரும்ப வாங்கியது. 2019இல் மயாமி சட்டையோடுதான் ஓய்வு பெற்றார். நல்லது நடந்தது. ஆனாலும் இடையில் போன ஒன்றரை வருடம் போனதுதான்.

அதே மயாமியில் இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு என்பதுதான் மனசை அதிகம் பிசைகிறது. உடோனிஸ் ஹாஸ்லெம் மயாமியிலேயே பிறந்தவர். கல்லூரி முடித்து 2002இல் யாரும் தேர்ந்தெடுக்காததால் பிரான்சுக்குப் போய் ஒரு சீசன் ஆடி, உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்து, வேட் வந்த அதே 2003இல் ஹீட்டில் சேர்ந்தார். 2010இல் மூன்று நட்சத்திரங்களையும் வாங்கி முடித்தபோது ஹாஸ்லெமுக்குக் கொடுக்க அணியிடம் அநேகமாக ஒன்றும் மிச்சமில்லை. டல்லஸும் டென்வரும் ஐந்து வருடத்துக்கு சுமார் 3.4 கோடி வரை தரத் தயாராக இருந்தன. அப்போது வேடும் லெப்ரானும் பாஷும் தங்கள் ஒப்பந்தத்தில் ஆளுக்குக் கொஞ்சம் குறைத்து இவருக்கு இடம் செய்தார்கள். ஹாஸ்லெம் 2 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். கிட்டத்தட்ட 1.4 கோடி டாலரை விட்டுவிட்டு.

அவர் ஏன் இருந்தார் என்பதற்கு ஊர்ப்பாசம் ஒரு காரணம்தான். அதைவிட, அணியில் எல்லோரையும்விடப் பெரிய மூன்று பேர் தங்கள் பையிலிருந்து எடுத்து இவருக்காக வைத்தார்கள். அதை அவர் கண்ணால் பார்த்தார். இருபது சீசன் அதே சட்டை. கடைசி வருடங்களில் களத்தில் இறங்கியதே அபூர்வம், ஆனால் லாக்கர் அறை அவருடையது. அந்த வருடங்களில் அவர் வாங்கியது மூத்த ஆட்டக்காரர்களுக்கான குறைந்தபட்ச சம்பளம். இதில் நல்ல விதி ஒன்று இருக்கிறது. 2022-23இல் அந்தக் குறைந்தபட்சம் சுமார் 29 லட்சம் டாலர். ஒரு வருட ஒப்பந்தம் என்றால் அணி கொடுக்க வேண்டியது சுமார் 18 லட்சம்தான், மீதியை லீக் தன் கணக்கிலிருந்து தரும். அனுபவம் அதிகம், சம்பளம் அதிகம் என்ற காரணத்துக்காக ஒரு மூத்தவரைத் தள்ளிவிட்டு இளைஞரை எடுக்கக் கூடாது என்பதற்காகவே போட்ட விதி. யார் யோசித்தார்களோ, நல்ல மனசு.

இனி டர்க் நோவிட்ஸ்கி. இவர் கதையைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் உற்சாகம் வரும்.

2014இல் அவருக்கு 36 வயது. முந்தைய சீசனில் வாங்கியது 2.27 கோடி டாலர். லேக்கர்ஸும் ஹூஸ்டன் ராக்கெட்ஸும் உச்சபட்சத் தொகையோடு வந்தன. நான்கு வருடத்துக்கு 9.7 கோடி என்று அப்போது செய்தி. டல்லஸில் அவர் ஒத்துக்கொண்டது மூன்று வருடத்துக்கு 2.5 கோடி. நான்கில் ஒரு பங்கு. அவரிடம் வழக்கமான ஏஜென்ட் கிடையாது, சிறு வயதிலிருந்து பயிற்சி கொடுத்த ஹோல்கர் கெஷ்விண்ட்னர்தான் கூட நிற்பவர். மிச்சமான பணத்தில் அணி சாண்ட்லர் பார்சன்ஸுக்கு வலை வீசியது. டல்லஸில் வரிசை குறித்த சந்தேகமே எழுந்ததில்லை. அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபனுக்கு முதல் போன் டர்க்குக்குத்தான். மற்றவரை அழைப்பதா என்பதையே டர்க்கோடு பேசித்தான் முடிவு செய்வார்கள் என்ற நிலை.

பிறகு 2016இல் மைக் கான்லியையும் வைட்சைடையும் பிடிக்கப் பார்த்து முடியாமல் போனபோது, கையில் இருந்த பணத்தில் டர்க்குக்கு இரண்டு வருடம் 5 கோடி எழுதிக் கொடுத்தது டல்லஸ். 38 வயதில். அடுத்த வருடமே அந்த இரண்டாம் வருடத்து 2.5 கோடியை அணி விலக்கிக்கொள்ள, அவர் இரண்டு வருடம் 1 கோடிக்கு இறங்கினார். இப்படிக் கொடுத்து, வாங்கி, திரும்பக் கொடுத்து இருபத்தொரு சீசன் ஓட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதையும் சொல்ல வேண்டும். “இந்த வருஷம் குறைச்சு வாங்கிக்கோ, அடுத்த வருஷம் சேர்த்துத் தர்றேன்” என்று வாக்குக் கொடுப்பது லீக்கில் குற்றம். மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் ஜோ ஸ்மித்தோடு அப்படி ரகசியமாக எழுதிக்கொண்டது 2000இல் வெளியே வந்தது. சில வருடம் குறைந்த சம்பளத்துக்கு ஆடுவது, பேர்ட் உரிமை வந்ததும் பெரிய ஒப்பந்தம், இதுதான் ஏற்பாடு. 35 லட்சம் டாலர் அபராதம், முதல் சுற்றுத் தேர்வுகள் பறிமுதல் (பிறகு சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தார்கள்). ஆகவே எழுத்தில் எதுவும் இருக்க முடியாது. முகம் பார்த்து நம்ப வேண்டியதுதான்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் அது எப்படி வெடிக்கும் என்பதை 2023இல் ஜேம்ஸ் ஹார்டன் விஷயத்தில் பார்த்தோம். அதற்கு முந்தின வருடம் அவர் ஃபிலடெல்ஃபியாவில் சுமார் 1.4 கோடி குறைத்து வாங்கினார், அந்த இடத்தில் பி.ஜே. டக்கர் வந்தார். அடுத்த கோடையில் எதிர்பார்த்த ஒப்பந்தம் வரவில்லை. அணியின் நிர்வாகத் தலைவர் டாரில் மோரியைப் பொய்யர் என்று ஹார்டன் சீனாவில் ஒரு மேடையில் நின்று சொன்னார். லீக் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது, சீசன் தொடங்கிய கையோடு அவர் கிளிப்பர்ஸுக்குப் போனார். டர்க் விட்டுக்கொடுத்தார், ஹார்டனும் விட்டுக்கொடுத்தார். ஒருவருக்குத் திரும்பி வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை.

பணம் குறைவாக இருந்தும் போனவர்கள் உண்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, ரே ஆலன் அப்படிப் போனவர். 2012இல் பாஸ்டன் செல்டிக்ஸ் இரண்டு வருடத்துக்கு 1.2 கோடி தருவதாகச் சொன்னது. மயாமியால் வருடத்துக்கு 30 லட்சத்துக்குச் சற்று மேலேதான் தர முடிந்தது. பாதி. அவர் மயாமிக்குப் போனார். அதற்கு முந்தின சீசனில், பாஸ்டனில் இருந்தபோது, மெம்ஃபிஸ் அணிக்கு அவரை அனுப்பும் பேச்சு ஏறத்தாழ முடிந்தே கடைசி நேரத்தில் நின்றது. கணுக்கால் வலியோடு இருந்தவரின் தொடக்க இடம் இளைஞர் ஏவரி பிராட்லிக்குப் போனது. ஜூலையில் கெவின் கார்னெட்டுக்கு முதலில் ஒப்பந்தம், பிறகு வெளியிலிருந்து ஜேசன் டெர்ரி, அவரும் ஆலனைப் போலவே தூரத்திலிருந்து எறிபவர். இத்தனைக்கும் பிறகு ஆலனிடம் வந்தால் அவர் என்ன நினைப்பார்? 2013 ஜூன் 18, இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம், ஐந்து விநாடி மிச்சம். மூலையில் பின்னோக்கிக் கால் வைத்து அவர் எறிந்த த்ரீ பாயிண்டர் மயாமியைக் காப்பாற்றியது. அந்தப் பட்டம் பாஸ்டன் விட்ட ஆளின் கையால் வந்தது. கார்னெட் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். 2022 மார்ச்சில் கார்னெட்டின் சட்டையை மேலே ஏற்றிய அன்றுதான் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பத்து வருடப் பகை. அதை வளர்த்தது ஆலன் மட்டும் இல்லை, ஆனால் பழி முழுக்க அவர் தலையில்தான் விழுந்தது. அதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

கிளேக்கு வருகிறேன். 2019 இறுதிப் போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த நிலையிலேயே வாரியர்ஸ் ஐந்து வருடம் 19 கோடி கொடுத்தது, அதை மறக்கக் கூடாது. அந்த ஜூலையில் அவர்தான் வரிசையில் முதல். 2020 நவம்பரில் அக்கிலீஸ் என்கிற குதிகால் தசைநாரும் போய், இரண்டு சீசன் முழுக்க வீட்டில். 2022 ஜனவரி 9 அன்று திரும்பி வந்தார், அந்த ஜூனில் நான்காவது பட்டம். அதற்குப் பிறகுதான் வரிசை மாறியது. 2022 அக்டோபரில் ஒரே வாரத்தில் ஜோர்டன் பூலுக்கு 14 கோடி வரை, ஆண்ட்ரூ விக்கின்ஸுக்கு 10.9 கோடி. 2023 கோடையில் டிரேமண்ட் கிரீனுக்கு நான்கு வருடம் 10 கோடி. கிளேக்குச் சொன்னது இரண்டு வருடம் 4.8 கோடி என்று செய்தி வந்தது, அவர் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் பயிற்சியாளர் கெருக்குக்கூட நீட்டிப்பு வந்துவிட்டது. அதே பிப்ரவரியில் கிளேயைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பெஞ்சிலிருந்து இறங்கிய முதல் ஆட்டத்திலேயே யூட்டாவுக்கு எதிராக 35 புள்ளி. ஜூன் வந்தது, பால் ஜார்ஜைக் கொண்டு வர முடியுமா என்று அணி பேசிக்கொண்டிருந்த செய்திகளைப் படித்தபடி கிளே காத்திருந்தார். டல்லஸ் மூன்று வருடம் 5 கோடி சொன்னது. தம்பி அனுப்பிய செய்தியில் இரண்டே வார்த்தை: “கிளே போயாச்சு.” நான் பதில் போடவில்லை.

எண்களை வைத்து நிர்வாகத்தின் பக்கமும் பேசலாம். மொத்தச் சம்பளம் ஓர் எல்லையைத் தாண்டினால் அணி லீகுக்கு ஆடம்பர வரி கட்ட வேண்டும். 2023-24இல் வாரியர்ஸ் கட்டிய அந்த வரி மட்டும் ஏறத்தாழ 17.7 கோடி டாலர். அவ்வளவு கொட்டி மேற்குப் பிரிவில் பத்தாவது இடம். கிளே முன்போல் எதிரணிக் காவலரைத் துரத்திப் பிடிப்பதில்லை. அவர் இடத்தில் வந்த பட்டி ஹீல்ட் 2025 மே மாதம் ஹூஸ்டனோடு ஏழாவது ஆட்டத்தில் ஒன்பது த்ரீ போட்டு 33 புள்ளி எடுத்தார். அணி அழிந்துவிடவில்லை. இதெல்லாம் சரி. ஆனால் பதிமூன்று வருடம் ஆடியவரிடம், “உனக்கு இவ்வளவுதான் முடியும், இதற்கு மேல் இல்லை, காரணம் இது” என்று 2023 செப்டம்பரிலேயே முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம். அந்தப் பேச்சை அவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். குறைந்த தொகையைவிட அந்தத் தள்ளிப்போடல்தான் வலிக்கும்.

2024 நவம்பர் 12 அன்று கிளே டல்லஸ் சட்டையில் சான் ஃபிரான்சிஸ்கோ வந்தார். ஆடிய காலத்தில் அவர் வளைகுடாவைத் தன் படகில் கடந்து மைதானத்துக்கு வருவது வழக்கம். அதை நினைவு வைத்து வாரியர்ஸ் அன்று ரசிகர்களுக்கெல்லாம் கப்பல் கேப்டன் தொப்பி கொடுத்தது. அரங்கம் முழுக்க வெள்ளைத் தொப்பி. கிளே ஆறு த்ரீ போட்டு 22 புள்ளி எடுத்தார், கரி 37 எடுத்து வாரியர்ஸ் 120-117 என்று ஜெயித்தது. பதினோராம் எண் சட்டையை இனி யாருக்கும் தர மாட்டோம் என்று உரிமையாளர் ஜோ லேகப் ஏற்கெனவே அறிவித்திருந்தார். எல்லாம் அழகாகத்தான் செய்தார்கள். இந்த அன்பில் கொஞ்சத்தை ஒரு வருடம் முன்னால் காட்டியிருக்கலாமே என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. லூக்கா டோன்சிச்சோடு ஆட டல்லஸ் போனவர் அவர். அந்த ஆட்டம் முடிந்து மூன்று மாதத்துக்குள் டோன்சிச்சையே லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

2023இல் வந்த புதிய ஒப்பந்த விதிகள் இதை இன்னும் கடினமாக்கிவிட்டன. வரி எல்லைக்கு மேலே இரண்டாவது ஏப்ரன் என்று ஒரு கோடு இருக்கிறது. 2024-25இல் அது சுமார் 18.9 கோடி. அதைத் தாண்டினால் விதிவிலக்குத் தொகை கிடையாது, இரண்டு ஆட்டக்காரர் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, எதிர்காலத் தேர்வு உரிமையும் முடக்கப்படும். பணக்கார அணிகளைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி. அடி விழுவது யார் மேல் என்று பாருங்கள். நட்சத்திரத்துக்கு எப்படியும் கொடுப்பார்கள், புதிதாக வந்த இளைஞர் மலிவு. நடுவில் இருக்கிற முப்பது வயதுக்காரர்தான் கழிக்கப்படுகிறார். டென்வர் 2024இல் கென்டேவியஸ் கால்ட்வெல்-போப்பை ஆர்லாண்டோவுக்கு விட்டது அப்படித்தான். மூன்று வருடம் 6.6 கோடி, உரிமை கையில் இருந்தது, கொடுத்திருக்கலாம், கோட்டுக்குப் பயந்து விட்டார்கள். பத்து வருடம் ஒரே அணியில் இருந்தவரின் சம்பளத்தில் பாதியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கட்டும் என்பது என் ஆசை. ஆட்டக்காரருக்கு முழுப் பணமும் போகும், அணியின் கழுத்தில் பாதிதான் ஏறும். ஒரு ஊரும் ஒரு ஆட்டக்காரரும் சேர்ந்து வயதாவதை லீக் தண்டிக்கக் கூடாது.

2025இல் இந்தியானா பேசர்ஸ் இறுதிப் போட்டி வரை போனது. மைல்ஸ் டர்னர் அங்கே பத்து சீசன் ஆடியவர், அணியிலேயே மூத்த குடி. ஏழாவது ஆட்டத்தில் டைரீஸ் ஹாலிபர்டனின் அக்கிலீஸ் போனதும் வரி கட்டும் யோசனை அணிக்குக் குளிர்ந்துவிட்டது. மற்ற அணிகளில் பெரிதாகப் பணம் இருப்பவர் இல்லை, டர்னர் எங்கே போகப் போகிறார் என்று பொறுமையாகப் பேசினார்கள். மில்வாக்கி பக்ஸ் அந்த இடத்தை உருவாக்கியது. காயத்தில் இருந்த டேமியன் லில்லார்டை விடுவித்து, அவருக்குத் தர வேண்டிய சுமார் 11.3 கோடியை ஐந்து வருடக் கணக்காகப் பரப்பி, டர்னருக்கு நான்கு வருடம் 10.7 கோடி எழுதிக் கொடுத்தது. பேசர்ஸுக்குப் பதில் சொல்லவே நேரம் இருக்கவில்லை. சந்தையில் இடமில்லை என்ற நம்பிக்கையில் சொந்த ஆளைக் காக்க வைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

அப்படி விடுவிக்கப்பட்ட லில்லார்டுக்கு வயது முப்பத்தைந்து, அக்கிலீஸ் கிழிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. போர்ட்லாண்டில் பதினொரு சீசன் ஆடிவிட்டு, 2023இல் தானே கேட்டு வெளியேறியவர். பிள்ளைகள் போர்ட்லாண்டிலேயே இருந்தார்கள். ஜூலை நடுவில் டிரெயில் பிளேஸர்ஸ் அவரோடு மூன்று வருடம், 4.2 கோடிக்குக் கையெழுத்துப் போட்டது. அவர் சம்மதம் இல்லாமல் வேறு எங்கும் அனுப்ப முடியாது என்ற ஷரத்தும் அதில் உண்டு. லீக் முழுவதிலும் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களுக்கே அது கிடைக்கும். முதல் சீசனில் அவர் களம் இறங்குவது சந்தேகம் என்று இரு தரப்புக்கும் தெரியும். தெரிந்தேதான் போட்டார்கள்.